பெய்தாலும் பயம்... பெய்யாவிட்டாலும் பயம்! மழையைக் குடிக்கக் கற்றுக்கொண்ட நகரங்கள்

2015 டிசம்பர் 1. சென்னைவாசிகள் யாரும் அந்த இரவை மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரையேறி வீடுகளுக்குள் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்தவர்கள் மாடிக்கும், மாடியில் இருந்தவர்கள் மொட்டைமாடிக்கும் ஏறி, படகுக்காகக் காத்திருந்தார்கள்.

அதன்பிறகு நான்கு ஆண்டுகள்கூட முழுதாக ஓடவில்லை. 2019 ஜூன் மாதம், நகரத்துக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. ஹோட்டல்களில் மதியச் சாப்பாடு நிறுத்தப்பட்டது. ஐ.டி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12 அன்று, 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

படகு போன தெருக்களிலேயே பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. வெள்ளத்தில் தவித்த ஊர், நான்கே வருடங்களில் தண்ணீருக்குத் தவம் கிடந்தது.

இதை இரண்டு தனித்தனிப் பிரச்னைகளாகத்தான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். வெள்ளம் வந்தால் வடிகால் கட்டுகிறோம். வறட்சி வந்தால் லாரி பிடிக்கிறோம். ஆனால், நோய் ஒன்றுதான். வானத்திலிருந்து விழும் நீரை வாங்கி வைத்துக்கொள்ள நகரத்துத் தரையில் இடமே இல்லை என்பதுதான் அந்த நோய். உலகின் சில நகரங்கள் இதைப் புரிந்துகொண்டு, தங்கள் தரையைத் திறந்துவிட ஆரம்பித்திருக்கின்றன. அங்கெல்லாம் ஒரு சுற்று போய்விட்டு, கடைசியில் நம் வீட்டு மொட்டைமாடிக்கு வருவோம்.

தெருப் பெயரில் மட்டும் வாழும் ஏரிகள்

முதலில் நம்மூர்க் கதை. சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. இது குறைந்த மழை இல்லை. ஆனால், அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில வாரங்களில், அதுவும் சில நாள்களில், கொட்டித் தீர்த்துவிடும். எனவே, பெய்யும்போது பிடித்துவைத்தால்தான் வருடம் முழுக்க உண்டு.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். ஓர் ஏரி நிறைந்தால் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. கோயில் குளங்களுக்கும் வரத்துக் கால்வாய்கள் இருந்தன. மழை, ஊரைவிட்டு ஓடுவதற்கு முன் பத்து இடங்களில் உட்கார்ந்துவிட்டுத்தான் கடலுக்குப் போனது.

இன்று அந்த ஏரிகள் எங்கே? சென்னை நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ இருக்கிறது, ஏரியைக் காணோம்; அந்த ஏரி இருந்த இடத்தில்தான் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரி இல்லை. தி.நகரே 1920-களில் ஒரு நீண்ட ஏரியை வற்றவைத்து உருவாக்கப்பட்ட குடியிருப்புதான். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை எழுந்த இடத்தின் பெயர் உலகனேரி. பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்!

ஏரி போனது ஒரு பக்கம். மிச்சமிருந்த மண்ணையும் நாமே மூடினோம். வாசலில் சேறு ஆகிறது என்று சிமென்ட் போட்டோம். கார் நிறுத்த டைல்ஸ் பதித்தோம். நடைபாதை மரத்தின் கழுத்தை நெரிப்பதுபோல அடிவரை கான்கிரீட் பூசினோம். மண்தரையில் விழும் மழையில் கணிசமான பகுதி உள்ளே இறங்கும். சிமென்ட்டில் விழுந்தால், கிட்டத்தட்ட மொத்தமும் தெருவுக்கு ஓடும். தெருவிலிருந்து வடிகால், வடிகாலிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல். ஓடும் வழியில் நம் வீட்டை மூழ்கடித்துவிட்டு, கோடையில் நம் கிணற்றைக் காலியாக விட்டுவிடுகிறது.

சிங்கப்பூர்: சாக்கடைக்குள்ளிருந்து வந்த ஆறு

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்கா ஓரத்தில் காலாங் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு என்று பெயர்தானே தவிர, பார்ப்பதற்கு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராகப் போடப்பட்ட கான்கிரீட் வாய்க்கால். வெள்ளநீரைச் சீக்கிரமாக வெளியேற்ற வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பூங்கா, இன்னொரு பக்கம் வீடுகள், நடுவில் வேலி போட்ட வாய்க்கால்.

வாய்க்காலைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது, சிங்கப்பூர்ப் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து வேறு வழியில் யோசித்தன. ‘இன்னொரு முறை கான்கிரீட் போடுவதற்குப் பதிலாக, இருப்பதை எடுத்துவிட்டால் என்ன?’

எடுத்துவிட்டார்கள். நேர்க்கோடாக இருந்த வாய்க்கால், வளைந்து நெளிந்து போகும் 3 கிலோமீட்டர் ஆறாகப் பூங்காவுக்குள்ளேயே ஓடியது. கரையைப் பிடித்துக்கொள்ள கான்கிரீட்டுக்குப் பதில் செடிகளின் வேர், பாறை, மண். 62 ஹெக்டேர் பூங்கா 2012-ல் திறக்கப்பட்டது.

இதில் இருக்கும் சூட்சுமம் எளிமையானது. சாதாரண நாளில் ஆறு குறுகலாக ஓடும். குழந்தைகள் கரையில் இறங்கிக் கால் நனைப்பார்கள். பெருமழை பெய்தால் ஆறு அகன்று, பக்கத்துப் புல்வெளியையும் எடுத்துக்கொள்ளும். அப்போது பூங்காவே ஆற்றின் படுகை. நீர்மட்டத்தைக் கவனிக்கும் கருவிகளும், மக்களை எச்சரிக்கும் விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் உண்டு. மழை விட்டதும் தண்ணீர் இறங்கிவிடும், மறுபடியும் பூங்கா. சில ஆண்டுகளில் அந்த ஆற்றில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று குடியேறி, ஊரே செல்லம் கொஞ்சும் அளவுக்குப் பிரபலமாகிவிட்டது!

வெள்ளம் வந்தால் போக ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை நாமே கொடுத்துவிட்டால், அது நம் படுக்கையறைக்கு வராது.

கோபன்ஹேகன்: விளையாட்டுத் திடலில் வெள்ளம்

‘சிங்கப்பூரில் ஆறு இருக்கிறது. நெருக்கமான பழைய நகரத்தில் என்ன செய்வது?’ என்று கேட்கலாம். அதற்கான பதில் டென்மார்க் தலைநகரம் கோபன்ஹேகனில் இருக்கிறது.

2011 ஜூலை 2 அன்று அந்த நகரத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் 15 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு முழு நாளில் இந்த அளவு பெய்வது நம்மூர் வடகிழக்குப் பருவமழைக்குப் பழக்கம்தான். அவர்களுக்கோ பேரிடி. அடித்தளங்களும் கடைகளும் சாலைகளும் மூழ்கின. சேதம் ஏறக்குறைய 100 கோடி அமெரிக்க டாலர்.

நிலத்தடிக் குழாய்களைப் பெரிதாக்கினால் போதுமா என்று கணக்குப் போட்டவர்கள், அதற்கு ஆகும் செலவைவிடத் தண்ணீரைத் தரைமேலேயே சமாளிப்பது மலிவு என்று கண்டார்கள். 2012-ல் வந்தது மேகவெடிப்பு மேலாண்மைத் திட்டம். 20 ஆண்டுகளில் நகரம் முழுக்கச் சுமார் 300 வேலைகள். சில தெருக்களின் நடுவே பள்ளமான பசுமைப் பட்டைகள், சில சதுக்கங்களில் மழைத்தோட்டங்கள்.

இவற்றில் எங்ஹாவே பூங்காவின் கதை சுவாரஸ்யமானது. பழைமையான இந்தப் பூங்காவில் பந்து விளையாடும் திடலைத் தாழ்வாக அமைத்து, சுற்றிலும் படிக்கட்டு வைத்தார்கள். வெயில் நாளில் பிள்ளைகள் அங்கே விளையாடுவார்கள். பெருமழையில் அந்தத் திடல் குளமாகிவிடும். அதுவும் போதாவிட்டால், பூங்காவைச் சுற்றியுள்ள தாழ்வான சுவர் அணையாக மாறி, மொத்தப் பூங்காவுமே நீரைத் தேக்கும். கொள்ளளவு 2 கோடியே 26 லட்சம் லிட்டர்!

யோசித்துப் பாருங்கள். இது நம் கோயில் குளத்தின் வேலைதானே? கோடையில் வற்றிய குளத்தில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் நம்மூரிலும் உண்டு. நாம் கைவிட்டதை அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பாங்காக்: சைக்கிள் மிதித்தால் சுத்தமாகும் தண்ணீர்

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தாய்லாந்துத் தலைநகரம் பாங்காக். அதுவும் வெப்பமண்டல நகரம்தான், அங்கும் பருவமழைதான். அங்கும் கால்வாய்களைத் தூர்த்துத்தான் சாலை போட்டார்கள். களிமண் படுகையில் அமைந்த அந்த நகரம், கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தும் வருகிறது.

அங்கே நகரத்தின் நடுவில், சுலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான விலைமதிப்புள்ள நிலம் இருந்தது. ஷாப்பிங் மால் கட்டியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். பல்கலைக்கழகம் தன் நூற்றாண்டுக்காக அதில் 11 ஏக்கர் பூங்கா அமைக்க முடிவுசெய்தது. வடிவமைத்தவர் நிலவடிவமைப்புக் கலைஞர் கோச்சகோர்ன் வோராகோம். 2017-ல் பூங்கா திறக்கப்பட்டது.

பூங்கா முழுவதும் லேசாகச் சாய்ந்திருக்கிறது. வெறும் 3 டிகிரி சாய்வு. உயரமான முனையில் புல்லும் செடியும் வளர்ந்த பசுமைக் கூரை, அதன் கீழே நீர்த்தொட்டிகள். அங்கிருந்து வழியும் மழைநீர், இரு பக்கமும் உள்ள நீர்த்தாவரப் பாத்திகள் வழியாக வடிகட்டப்பட்டு, தாழ்ந்த முனையிலுள்ள குளத்தில் சேர்கிறது. பம்பு இல்லாமல், புவியீர்ப்பு விசையே எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கிறது. சுமார் 38 லட்சம் லிட்டர் நீரைப் பூங்கா தாங்கும்.

குளத்து ஓரத்தில் உடற்பயிற்சி சைக்கிள்கள் இருக்கின்றன. வருகிறவர்கள் மிதித்தால் தண்ணீர் கலக்கப்பட்டு, அதில் பிராணவாயு சேர்கிறது. தேங்கிய நீர் கெட்டுப்போகாமல் இருக்க அது உதவுகிறது. தொப்பையும் குறையும், குளமும் சுத்தமாகும். நம்மூர்ப் பூங்காக்களில் ‘திறந்தவெளி ஜிம்’ வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய யோசனை!

கொல்கத்தா: சாக்கடையைச் சாப்பிடும் மீன்கள்

மழைநீர் மட்டும்தானா? நாம் தினமும் குளித்து, துவைத்து, கழுவி அனுப்பும் நீரும் நீர்தான். அதை என்ன செய்வது என்பதற்கு உலகமே வியக்கும் பாடம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

1980-களின் தொடக்கத்தில், மேற்கு வங்க அரசின் பொறியாளர் துருபஜோதி கோஷுக்கு ஒரு கேள்விக்கு விடை தேடும் வேலை வந்தது. ‘இவ்வளவு பெரிய கொல்கத்தாவின் கழிவுநீர் எங்கே போய் என்ன ஆகிறது?’ கால்வாய் வழியே கழிவுநீரைப் பின்தொடர்ந்தவர், நகரத்தின் கிழக்கே மீன்குட்டைகளைக் கண்டார். ‘பேரி’ என்று அங்கே அழைக்கப்படும் ஆழம் குறைந்த குட்டைகள் அவை.

மீனவர்கள் கழிவுநீரைத் தேவையான அளவு மட்டும் குட்டைக்குள் விடுகிறார்கள். மேலே வங்காளத்து வெயில். பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. அந்தச் சத்தில் பாசி வளர்கிறது. பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று ரோகு, கட்லா மீன்கள் வளர்கின்றன. வெளியேறும் நீர் வயலுக்குப் பாய்ந்து, நெல்லும் காய்கறியும் விளைகிறது. உள்ளூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்த தொழில் இது. பல நூறு கோடி ரூபாய்க்குச் சுத்திகரிப்பு நிலையங்கள் செய்ய வேண்டிய வேலையை இந்தக் குட்டைகள் செய்துகொண்டு, ஊருக்கு மீனும் கொடுக்கின்றன. மழை வெள்ளத்தையும் தாங்குகின்றன.

கோஷ் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம் 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ரியல் எஸ்டேட் நெருக்கடியிலிருந்து அதைக் காக்க, 2018-ல் மறையும்வரை அவர் போராடினார். அந்த நெருக்கடி இன்றும் ஓயவில்லை.

சென்னையிலும் ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் வந்த ஆலைகள், கழிவுநீரை மூன்றாம் கட்டம்வரை சுத்திகரித்து, நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் நீரைத் தொழிற்சாலைகளுக்குத் தரும் திறன் கொண்டவை. தொழிற்சாலைக்குப் போகும் ஒவ்வொரு லிட்டர் மறுசுழற்சி நீரும், நம் வீட்டுக்கு மிச்சமாகும் ஒரு லிட்டர் ஏரி நீர்.

மெடெயின்: நிழல் போட்ட தோட்டக்காரர்கள்

தரை நீரைக் குடித்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஈரமண்ணில் மரம் செழிக்கும், மரம் இலைவழியே நீரை ஆவியாக்கும், சுற்றுப்புறம் குளிரும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதே தத்துவத்தால்தான்.

தென் அமெரிக்காவில், கொலம்பியாவின் இரண்டாவது பெரிய நகரம் மெடெயின். ‘நிரந்தர வசந்தத்தின் நகரம்’ என்று பெயர் வாங்கிய ஊர். கட்டடங்கள் பெருகப் பெருக அங்கும் வெயில் சுட்டது. 2016 முதல் 18 சாலைகள், 12 நீரோடைகள் ஓரமாக மொத்தம் 30 ‘பசுமை வழித்தடங்களை’ உருவாக்கினார்கள். தனித்தனி மரமாக நடாமல் உயரமான மரம், அதன் கீழே குறுமரம், அதற்கும் கீழே செடிகொடி என்று அடுக்கடுக்காகத் தொடர்ச்சியாக நட்டார்கள். இந்த வழித்தடங்களில் வெப்பம் சுமார் 2 டிகிரி குறைந்தது. 2019-ல் பிரிட்டனின் ஆஷ்டன் விருதும் கிடைத்தது.

வெப்பம் குறைந்ததைவிட எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்த மரங்களைப் பராமரிக்க, வசதியற்ற குடும்பங்களிலிருந்து 75 பேரைத் தேர்ந்தெடுத்து, தாவரவியல் பூங்காவில் பயிற்சி கொடுத்து, தோட்டக்காரர்களாக வேலைக்கு வைத்தார்கள். நடுவிழாவோடு கதை முடிந்துவிடவில்லை. நம்மூரில் மரக்கன்று நடும் புகைப்படத்துக்குப் பத்துப் பேர் நிற்பார்கள்; மறுவாரம் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இருக்க மாட்டார்கள். கன்றைவிட முக்கியம், அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றும் கையும் அந்தக் கைக்குச் சம்பளமும்.

மரம் வளர வருடங்கள் ஆகும். அதுவரை? குஜராத்தின் அகமதாபாத் ஒரு வழி காட்டியது. 2010 மே மாத அனல் அலையில் அந்த நகரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 1,344 பேர் இறந்ததாகப் பின்னர் ஆய்வு கூறியது. 2013-ல் அகமதாபாத், வெப்பச் செயல்திட்டம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. முன்னெச்சரிக்கை, மருத்துவமனைத் தயார்நிலை ஆகியவற்றோடு, குடிசைப் பகுதிகளின் கூரைகளில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசும் வேலையும் பின்னர் சேர்ந்தது. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் சில டிகிரி குறையும். ஒரு வாளிச் சுண்ணாம்பில் கிடைக்கும் ஏ.சி இது.

பஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு

இந்த யோசனைகளுக்கெல்லாம் இப்போது ‘பஞ்சு நகரம்’ என்று பெயர். பஞ்சுபோல நகரம் மழையை உறிஞ்ச வேண்டும், தேவைப்படும்போது பிழிந்து தர வேண்டும். 2025-ல் விமான விபத்தில் மறைந்த சீன நிலவடிவமைப்பாளர் யூ கோங்ஜியான் இந்தச் சிந்தனையை உலகெங்கும் கொண்டுசென்றவர். சீனா 2015-ல் 16 நகரங்களில் இதை முன்னோட்டமாகத் தொடங்கியது.

ஆனால், இது மந்திரமும் இல்லை. பஞ்சு நகரத் திட்டங்களுக்காகப் பெரும் பணம் செலவிட்ட சீனாவின் ஜெங்ஜோ நகரத்தில், 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மெட்ரோ ரயிலுக்குள் வெள்ளம் புகுந்து பயணிகள் உயிரிழந்தார்கள். எந்தப் பஞ்சும் ஓர் அளவுக்கு மேல் குடிக்காது. வடிகாலும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும், ஆற்றுக்கு அதன் அகலமும் வேண்டும். இவற்றோடு சேர்ந்தால்தான் பஞ்சு காப்பாற்றும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பசுமை யாருக்கு? கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. பெரும்பாக்கமோ சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. 2015-ல் அங்கும் வெள்ளம் வந்தது. ஆற்றங்கரையைச் சுத்தமாக்குகிறோம் என்று ஏழைகளை ஒரு பள்ளத்திலிருந்து இன்னொரு பள்ளத்துக்கு அனுப்புவது பசுமை ஆகாது. அதே ஆட்களைத் தோட்டக்காரர்களாக்கிய மெடெயின் பாடத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. கட்டடங்களால் பெரும்பகுதி விழுங்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் மிஞ்சிய 1,248 ஹெக்டேர், 2022-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்றது. சென்னை மாநகராட்சிப் பூங்காக்களில் மழைநீரை வாங்கிக்கொள்ளும் ‘ஸ்பாஞ்ச் பார்க்’ குளங்கள் வந்திருக்கின்றன. 2024-ல் கிண்டி ரேஸ் கிளப் வசமிருந்த நிலத்தில், வேளச்சேரிப் பக்கம் வெள்ளத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு குளங்கள் வெட்டப்பட்டன.

மொட்டைமாடியில் எட்டு லாரித் தண்ணீர்

இப்போது வீட்டுக்கு வருவோம். உங்கள் மொட்டைமாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். அதாவது சுமார் 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு லிட்டர். சென்னையின் ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் 1,30,000 லிட்டர்! ஆவியாவது, சிதறுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் எட்டு லாரிக்கும் அதிகம். உங்கள் தலைக்கு மேலேயே, இலவசமாக.

எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய முன்னோடி மாநிலம் தமிழ்நாடு. 2003-ல் சட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு குழாய் போட்டோம், தொட்டி தோண்டினோம். அடுத்து நல்ல மழையும் வந்தபோது, பல இடங்களில் கிணறுகளின் நீர்மட்டம் ஏறியதைக் கண்ணால் பார்த்தோம். அதன்பிறகு மறந்துவிட்டோம்! இன்று பல வீடுகளில் அந்தக் குழாய் உடைந்து தொங்குகிறது. தொட்டியில் மண் அடைத்திருக்கிறது. சில வீடுகளில் அதன்மேல் டைல்ஸே போட்டாயிற்று. மாடியிலிருந்து வரும் நீர் நேராகத் தெருவுக்குப் போகிறது. கோபன்ஹேகன் போக வேண்டாம். உங்கள் வீட்டுக் குழாய் எங்கே முடிகிறது என்று மட்டும் போய்ப் பாருங்கள்.

அக்டோபர் மழை தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இவை:

● மாடியைப் பெருக்கிக் கழுவுங்கள். குழாய் வாயில் சருகு அடைக்காமல் ஒரு வலை போடுங்கள்.

● சேகரிப்புத் தொட்டியைத் திறந்து, ஜல்லியையும் கூழாங்கல்லையும் வெளியே எடுத்து அலசுங்கள். மேலே உள்ள மணலில் படிந்த சேற்றை நீக்கி, புது மணல் போடுங்கள். அரை நாள் வேலைதான்.

● முதல் மழை மாடியின் தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்து வரும். அதை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து சேகரியுங்கள்.

● பழைய கிணறு இருந்தால் மூடாதீர்கள். வடிகட்டிய மழைநீரை அதற்குள் விடுங்கள். நிலத்தடி நீரை ஊறவைக்கக் கிணற்றைப்போல உதவுவது வேறு இல்லை. கழிவுநீர்க் குழாய் எதுவும் அருகில் கசியவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

● களிமண் பகுதியில் நீர் மெதுவாகத்தான் இறங்கும். அங்கே ஆழம் குறைந்த குழி மட்டும் போதாது. மணல் அடுக்கு எட்டும்வரை துளை போட வேண்டும். தெருவில் ஏற்கெனவே செய்தவர்களிடம் கேளுங்கள்.

● வாசல் முழுக்க சிமென்ட் போடும் திட்டம் இருந்தால், கார் சக்கரம் படும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் போடுங்கள். மிச்சத்தில் மண்ணோ, இடைவெளி விட்ட கல்லோ இருக்கட்டும். கோலம் போட ஓர் ஓரம் போதும்.

● வீட்டெதிரே உள்ள மரத்தடியில் சிமென்ட் இருந்தால், உரிய அனுமதியோடு ஒரு மீட்டர் சதுரத்துக்காவது உடைத்து மண்ணைத் திறந்துவிடச் சொல்லுங்கள். 2016-ல் வர்தா புயலில் சென்னையில் சாய்ந்த மரங்களை நினைவிருக்கிறதா? வேர் பரவ மண் இல்லாத மரம் எப்படி நிற்கும்? புதிதாக நடுவதென்றால் வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், மகிழம் போன்ற நம் மண்ணின் மரங்களைத் தேர்ந்தெடுங்கள்.

● அடுக்குமாடியில் இருப்பவர்கள், அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நம் மாடித் தண்ணீர் எங்கே போகிறது?” லாரிக்குக் கொடுக்கும் மாதக் கணக்கையும் பக்கத்திலேயே வையுங்கள். பதில் தானாக வரும்.

ஒரு வீடு இதைச் செய்தால் நகரம் மாறிவிடுமா என்று தோன்றலாம். ஒரு வீட்டு வாசலில் சிமென்ட் போட்டபோதும் நகரம் மூழ்கிவிடவில்லை. லட்சக்கணக்கான வாசல்கள் சேர்ந்துதான் மண்ணை மூடின. அவையே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவும் முடியும். ஏரிகளையும் சதுப்புநிலங்களையும் காக்க வேண்டிய பெரிய வேலை அரசினுடையது. அதைத் தட்டிக் கேட்க வேண்டியது நாம். தன் வீட்டுத் தொட்டியைத் தூர்வாரியவர் கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு எடை அதிகம்.

ஆடு புலி ஆட்டமும் கண்ணாமூச்சியும் ஆடிய முற்றங்களில் மழை விழுந்தபோது, பாட்டிகள் அண்டாவை எடுத்துக் கூடல்வாய்க்குக் கீழே வைத்தார்கள். அவர்களிடம் பஞ்சு நகரம் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். வானம் கொடுக்கும்போது ஏந்திக்கொள்ள ஒரு பாத்திரம் வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். இந்த மழைக்காலத்துக்கு முன், உங்கள் வீட்டுப் பாத்திரம் நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.